தேறலுக்குள் இருந்த காற்றை விரட்டியவர்

இந்தச் சித்திரத்தில் நான் கண்ணால் கண்டவற்றையே எழுதுகிறேன். நான் இல்லாத இடங்களில் நிகழ்ந்தவற்றுள், கண்ட இருவர் தனித்தனியே கேட்டபோதும் ஒன்றுபோலச் சொன்னவற்றை மட்டும் சேர்த்திருக்கிறேன். இத்தனை கண்டிப்புக்குக் காரணம் உண்டு. இவரைப் பற்றிக் கறம்பக்குடியில் வழங்கும் கதைகளுள் பாதிக்கு ஆதாரமில்லை. தேர்ச்சக்கரத்தின் அச்சில் தேறல் ஜாடியைக் கட்டி வீதிவலம் வரச் செய்தார் என்கிறார்கள், செய்யவில்லை. காவலர் இருவர் வீட்டுக்கு வந்து, ஆளுக்கொரு குவளை பருகிவிட்டு வழக்கின்றித் திரும்பினர் என்கிறார்கள்; அதைக் கண்டவர் ஒருவரும் எனக்கு அகப்படவில்லை. நடந்ததே இத்தனை துள்ளலாக இருக்கையில் நடவாததைச் சேர்ப்பானேன்?

பெயரையும் தவிர்க்கிறேன். "எழுதிக்கங்க தமிழய்யா. பேரு மட்டும் வேணாம், எங்கக்கா படிச்சாலும் படிச்சிரும்" என்று அவரே சொன்னதால். நான் தமிழ் கற்பித்த பள்ளியில் அவர் உடற்கல்வி ஆசிரியை. எங்கள் வீட்டுக்கு அடுத்த வீட்டுக்காரர். ஊர் முழுவதற்கும் டீச்சர். நானும் இங்கே அப்படியே அழைக்கிறேன். வேறு சொல்லால் அவர் உருவம் எனக்கு எழுவதில்லை.

முகத்தை வருணிக்கலாம் என்றால், பின்னர் சொல்லப்போகும் ஒன்றைத் தவிர நிழற்படச் சான்று இல்லை. பள்ளியின் ஆண்டுப் படங்களை எடுத்துப் பார்த்தேன். எல்லாரும் கல்லாய் நிற்க, ஓர் ஓரத்தில் மட்டும் ஒரு கலங்கல் இருக்கிறது. அதன் கழுத்தில் ஊதல் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. அந்தக் கலங்கல்தான் டீச்சர். படம் எடுப்பவர் "ரெடி" என்று சொல்லி முடிக்குமுன் அவர் அடுத்த வேலைக்குத் திரும்பியிருப்பார்.

காத்திருப்பது என்பது அவரால் இயலாத ஒன்று. குக்கர் ஆவி அடங்குமுன் கரண்டிக் காம்பால் எடையைத் தூக்கிவிடுவார். அடுக்களைக் கூரையில் பருப்பு ஒட்டியிருந்ததை நானே அண்ணாந்து பார்த்திருக்கிறேன். விளையாட்டு விழாவில் தலைமை விருந்தினர் ஒலிம்பிக் வரலாற்றைத் தொடங்கி, இன்னும் கிரேக்க நாட்டை விட்டுக் கிளம்பாதபோதே, டீச்சர் ஊதலை ஊதி நூறு மீட்டர் ஓட்டத்தைத் தொடங்கிவிட்டார். விருந்தினரும் பேச்சை விட்டுவிட்டுக் கைதட்டினார். எந்த வேலை முடிந்தாலும், முடியும் தறுவாயில் இருந்தாலும், அவர் வாயிலிருந்து வருவது ஒன்றே: "சரி, அடுத்தது?"

இப்படிப்பட்டவர், உலகில் மிகுந்த பொறுமை வேண்டும் பொருள்களுள் ஒன்றைச் செய்ய ஆசைப்பட்டார். ஊரார் ஒயின் என்று சொல்வதை நான் தேறல் என்று எழுதுகிறேன். தெளிந்தது என்னும் பொருளுள்ள பழைய சொல், இந்தச் செய்திக்கு மிகவும் பொருத்தமானது. கிறிஸ்துமசுக்கும் திருமணத்துக்கும் வீட்டிலேயே திராட்சைத் தேறல் செய்வது அவர்கள் குடும்ப வழக்கம். அவருடைய தாயார் அதில் பெயர்பெற்றவர். தாயார் மறைந்தபின், அவர் புழங்கிய பீங்கான் ஜாடி மூத்த மகளிடம் போயிற்று. புதுக்கோட்டையில் இருந்த அந்த அக்கா நிதானமே உருவானவர். ஒரு வாக்கியத்தின் நடுவில் தண்ணீர் அருந்திவிட்டு மீதியைச் சொல்பவர். அம்மாவின் ஜாடி தனக்கும் ஒரு முறையாவது வரவேண்டும் என்பது டீச்சரின் தீராத ஏக்கம். வேறு எதற்காகவும் அவர் கண் கலங்கி நான் பார்த்ததில்லை.

தகுதியைக் காட்டுவதற்காக ஒரு கிறிஸ்துமசுக்குத் தாமே வேறொரு ஜாடியில் தேறல் இட்டு, அக்காவுக்கு ஒரு புட்டி அனுப்பினார். அங்கேதான் தவறினார். திராட்சையும் சர்க்கரையும் நொதிக்கும்போது கரியமில வாயு பிறக்கிறது. நொதித்தல் ஓய்ந்த பின்னும் அதில் ஒரு பகுதி தேறலுக்குள்ளேயே கரைந்து கிடக்கும். அதை வெளியேற்றாமல் அடைத்தால் நாக்கில் சுருக்கென்று குத்தும், தெளியாது, வெப்பம் ஏறினால் மூடியையே தூக்கி எறியும். நொதித்தலே முழுதும் ஓயாதிருந்தால் கேட்கவே வேண்டாம். டீச்சர் அது ஓய்ந்ததா என்று பார்க்கவும் இல்லை, வாயு போகக் காத்திருக்கவும் இல்லை. அக்கா வீட்டில், கிறிஸ்து பிறப்புக் குடிலுக்கு மேலிருந்த அலமாரியில் அந்தப் புட்டி வெடித்தது. மரியாள், சூசை, இடையர் எல்லாரும் நனைந்தனர். வெண்சுதையால் செய்த ஆட்டுக்குட்டி ஒன்று ஊதா நிறமாயிற்று. எத்தனை கழுவியும் அது வெளுக்கவில்லை; நானே கையில் எடுத்துப் பார்த்தேன்.

"ஒங்கையில ஜாடியக் குடுத்தா அம்மா பேரு கூரையில ஒட்டிக்கிரும்" என்றார் அக்கா. பேச்சு அத்தோடு நின்றது.

அது மீண்டும் தொடங்கியதற்குக் காரணம் ஒரு வழுக்கல். அக்காவின் மகளுக்குத் திருமணம் முடிவாகியிருந்த வேளையில், அக்கா குளியலறையில் விழுந்து வலக்கை மணிக்கட்டை முறித்துக்கொண்டார். கட்டுப்போட்ட கையோடு ஒருநாள் தங்கை வீட்டுக்கு வந்தார். நானும் என் மனைவியும் அங்கிருந்தோம்.

"இந்த ஒரு தடவைதான். கையி நல்லாருந்தா ஒங்கிட்ட வந்திருக்க மாட்டேன்" என்று தொடங்கிய அக்கா, தண்ணீர் கேட்டு வாங்கி அருந்திவிட்டுத் தொடர்ந்தார். "கேக்கு வெட்டுனதும் சம்மந்திவீட்டு முன்னாடி நாந்தான் பாட்டிலத் தொறப்பேன். சத்தம் வரக்கூடாது. நொரை வரக்கூடாது. வந்துச்சுன்னா அம்மா ஜாடியப் பத்தி இந்த ஜென்மத்துல வாயத் தொறக்காத."

"வரலைன்னா?"

"வரலைன்னா ஜாடி ஒனக்கு."

"சரி, அடுத்தது?" என்று எழுந்துவிட்டார் டீச்சர்.

"ஒக்காருடி. நான் இன்னும் முடிக்கல" என்றார் அக்கா.

பன்னீர் திராட்சை வந்தது. கழுவி, ஈரம் போகத் துடைத்து, பிசைந்து, சர்க்கரையும் கோதுமையும் பட்டையும் கிராம்பும் சேர்த்து ஜாடியில் இட்டுத் துணி கட்டினார். இந்த முறை நொதித்தலுக்கு முழு அவகாசம் விட்டிருந்தார். குமிழி ஓய்ந்தது, வடித்தார், வண்டல் படிந்தது. எல்லாம் ஒழுங்காகச் சென்றபோதுதான் மாப்பிள்ளைக்கு வளைகுடாவில் விடுப்பு மாறிற்று. திருமணம் முன்னுக்கு வந்துவிட்டது. வாயு தானாகப் போவதற்குப் பல மாதம் ஆகும். கையில் இருந்ததோ சில வாரம்.

வாயு இருக்கிறதா என்று அறிய ஓர் எளிய சோதனை உண்டு. சிறு புட்டியில் பாதி நிரப்பி, வாயைக் கட்டைவிரலால் அடைத்துக் குலுக்கி, காதருகே வைத்து விரலை எடுக்க வேண்டும். டீச்சர் என் காதருகே வைத்து எடுத்தார். 'புஸ்' என்று ஒலி எழுந்தது. என் சட்டையில் ஊதாப் புள்ளிகள் விழுந்தன.

"கேட்டுச்சா தமிழய்யா? உள்ளதான் இருக்கான். இன்னைக்கே வெரட்டுறேன்."

முதலில் மோர் கடையும் மத்து. கொதிநீரில் கழுவிய மத்தைத் தேறலில் இறக்கிக் கயிற்றை இழுக்கத் தொடங்கினார். சுழலச் சுழல, அடியிலிருந்து முத்துமுத்தாய்க் குமிழிகள் கிளம்பி மேலே நுரைப்படலமாய்த் திரண்டன. அந்தக் காட்சியின் கிளர்ச்சியை நான் மறைக்க விரும்பவில்லை. குடியாதவனாகிய நானும் குனிந்து பார்த்து, "இதோ இங்கே இன்னும் வருகிறது" என்று கூவிக்கொண்டிருந்தேன். ஆனால் அதிகம் கடைந்தால் வெளிக்காற்று புகுந்து சுவை கெடும் என்று அக்கா தொலைபேசியில் எச்சரித்தார். மத்து ஓய்ந்தது. கட்டைவிரலை எடுத்தால் 'புஸ்' மட்டும் ஓயவில்லை.

பேருந்து இரண்டாவது. இங்கேயும் நான் இருந்தேன். மனைவியின் ஊருக்குச் செல்ல நகரப் பேருந்தில் அமர்ந்திருந்தபோது, பெரிய தண்ணீர்க் கேன் ஒன்றைத் தழுவியவாறு டீச்சர் ஏறினார். அந்தத் தடத்தின் சாலை எங்கள் பகுதி அறிந்த ஒன்று. ஏறியவர் இறங்கும்போது எலும்பை எண்ணிப் பார்ப்பார். கடைசி இருக்கையில், சக்கரத்துக்கு நேர்மேலே, கேனை வைத்தார்.

"டீச்சர், கேனுக்கும் டிக்கெட்டுப் போடணும்" என்றார் நடத்துநர்.

"போட்டுக்கங்க தம்பி. டிரைவர்கிட்ட மட்டும் சொல்லுங்க, பள்ளத்தப் பாத்து ஒதுங்க வேணாம்னு."

"ஒதுங்கலைன்னு திட்டுறவங்களத்தான் இத்தன வருசமாப் பாத்திருக்கேன். ஒதுங்காதன்னு சொல்ற மொத ஆளு நீங்கதான்."

வண்டி கிளம்பிய சிறிது நேரத்தில் பிழை வெளிப்பட்டது. மூடியை இறுக்கமாகத் திருகியிருந்தார். குலுங்கக் குலுங்க வாயு தேறலை விட்டு வெளியேறிற்று. கேனை விட்டு வெளியேற வழியில்லை. கேன் உப்பத் தொடங்கியது. "தமிழய்யா, இங்கிட்டு வாங்க, கேனப் பிடிங்க" என்று அழைத்து, என்னைப் பிடிக்கவைத்து, மூடியை மெல்லத் தளர்த்தினார்.

முன்னிருக்கையில் கூடையோடு இருந்த மூதாட்டி ஒருவர் திரும்பினார். "என்னத்தா, பாம்பு எதுவும் வச்சிருக்கியா? சீறுது."

"பாம்பில்ல ஆத்தா, காத்து."

"காத்தையா கேனுல அடச்சு எடுத்துட்டுப் போற? எங்க ஊருல இல்லாத காத்தா?"

"எடுத்துட்டுப் போகல ஆத்தா. வெளியேத்துறேன்."

வாசனை வண்டி முழுதும் பரவிற்று. நடுவில் நின்றிருந்த ஒருவர், "காலையிலயே யாருண்ணே அது? நல்ல மனசுக்காரரா இருந்தாக் கேட்டுச் சொல்லுங்க" என்றார். வண்டி சிரித்தது. நடத்துநர் மட்டும் கவலையோடு சன்னல்களைத் திறந்துவிட்டு, ஒவ்வொரு நிறுத்தத்திலும் விசிலுக்கு முன், "டீச்சர், காத்து எறங்கிருச்சா? போகலாமா?" என்று கேட்டார். கடைசி நிறுத்தத்தில் எல்லாரும் இறங்கினோம், டீச்சர் இறங்கவில்லை. அதே வண்டியில் திரும்பிச் சென்றார்.

அன்று மாலைச் சோதனையில் ஒலி பாதியாயிற்று. பாதி போதாது.

இவ்வாறு படபடப்பதை நகைத்துக்கொண்டே எழுதுகிறேன். அதே படபடப்பின் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். ஒருமுறை விளையாட்டுத் திடலில் மாணவி ஒருத்தி விழுந்து மயங்கினாள். ஆம்புலன்சுக்குச் சொல்லிவிட்டு நாங்கள் வாயிலைப் பார்த்து நின்றோம். டீச்சர் நிற்கவில்லை. சாலையில் போன பால் வண்டியை ஊதலால் நிறுத்தி, கேன்களுக்கு நடுவே அவளை மடியில் கிடத்திக்கொண்டு மருத்துவமனை சேர்ந்தார். சிறிது தாமதித்திருந்தால் சொல்வதற்கில்லை என்று மருத்துவர் கூறியதை நானே கேட்டேன். அந்த வண்டிக்காரர் மாட்டுப் பண்ணை வைத்திருப்பவர். அன்றுமுதல் டீச்சர் எதைக் கேட்டாலும் மறுக்காதவராகிவிட்டார். அதனால்தான் மூன்றாம் முயற்சி நிகழ்ந்தது.

அவரிடம் பால் கறக்கும் எந்திரம் இருந்தது. மோட்டார் ஒன்று குழாய் வழியாக எவர்சில்வர் வாளிக்குள்ளிருக்கும் காற்றை உறிஞ்சும். அந்த உறிஞ்சலில்தான் பால் இறங்கும். ஒருநாள் பால் வாங்கப் போனபோது டீச்சர் அதைக் கண்டார். திரவத்துக்கு மேலுள்ள காற்றை இழுத்துவிட்டால், அதனுள் அடங்கிய வாயு அழுத்துவோர் இன்றி மேலே எழும் என்பது அவருக்கு அங்கேயே விளங்கிவிட்டது. பால் வாங்காமலேயே திரும்பி ஓடிவந்து என்னை அழைத்துப் போனார்.

வாளியைக் கொதிநீரில் கழுவித் தேறலை விளிம்புவரை ஊற்றினார். பண்ணைக்காரர் தயங்கினார். "கொஞ்சமா ஊத்திப் பாப்பமே டீச்சர்."

"நேரமில்ல. போடுங்க சுச்ச."

போட்டார். கண்ணாடிபோன்ற மூடிக்குள் ஒரு கணம் ஒன்றுமில்லை. அடுத்த கணம், அடுப்பில் பால் பொங்குவதுபோல் வாளி முழுவதும் ஊதா நுரை குபீரென்று எழுந்தது, மூடியை முட்டியது, குழாய்க்குள் புகுந்து ஓடியது. டீச்சர் நிறுத்தச் சொல்லி ஊதலை ஊதிக்கொண்டே இருக்க, நுரை மோட்டாரைச் சென்றடைந்து, அதன் புகைவாயால் பக்கத்தில் அசைபோட்டுக்கொண்டிருந்த வெள்ளைப் பசுவின்மேல் சிதறிற்று. பசு தன் முதுகை ஒருமுறை நக்கிப் பார்த்தது. பிறகு மறுபடியும் நக்கிற்று.

மோட்டார் இருமி நின்றது. பண்ணைக்காரர் அதைச் சுற்றி வந்தார். "மெசினு தண்ணியப் போட்டுருச்சு டீச்சர். இனிமே இது பால் கறந்தா கேஸாயிரும்."

"மன்னிச்சிருங்கண்ணே. நான் கழுவித் தாரேன்."

"மெசினு கெடக்கு. இந்த மாட்ட எப்புடி வெளுக்குறது? நாளைக்கு எம்பொண்டாட்டி கேப்பா, மாட்டுக்கு யாரு சடங்கு சுத்துனதுன்னு."

ஒருபங்கு தேறல் போய்விட்டது. டீச்சர் சாணத் தரையில் அப்படியே அமர்ந்துவிட்டார். அம்மாவின் ஜாடி கைநழுவுவதை அவர் கண்ணில் நான் கண்டேன். அந்த அமர்வும் நெடுநேரம் நீடிக்கவில்லை. "சரி, அடுத்தது?" என்றார் மெல்ல. இம்முறை அது தம்மையே கேட்டதுபோல் இருந்தது.

எந்திரத்தைக் கழற்றிக் கழுவி, காயவைத்து, வேறொரு நாள் மறுபடி தொடங்கினார்கள். வாளியில் கால்பங்குதான் ஊற்றினார். பண்ணைக்காரர் சுவிட்சருகே நின்றார். டீச்சர் மூடிமேல் கண்வைத்துக் குனிந்தார். ஓர் ஊதல் என்றால் போடுவது. ஈரூதல் என்றால் அணைப்பது. ஊதினார். நுரை எழுந்தது, பாதி வாளி ஏறுமுன் ஈரூதல். நுரை சரிந்தது. மறுபடி ஓர் ஊதல். கடுகு கடுகாய் எழுந்த குமிழிகள், மெல்ல மெல்ல மிளகாகி, திராட்சைப் பழமாகி, எழும் இடைவெளியும் நீண்டுகொண்டே போயிற்று. ஒவ்வொரு குமிழி உடையும்போதும் நாங்கள் மூவரும் மூச்சை விட்டோம். பசு மட்டும் எட்டக் கட்டப்பட்டிருந்தது. அது எங்கள்மேல் வைத்த பார்வை எதிர்பார்ப்பு நிறைந்தது என்றே சொல்வேன்.

கட்டைவிரலை எடுத்தபோது, ஒலி என்று சொல்ல முடியாத ஒரு முணுமுணுப்பு மட்டும் கேட்டது. முற்றும் போகவில்லை. இன்னொரு முறை எந்திரத்தில் இடலாம் என்று டீச்சர் துடிக்க, அக்கா தொலைபேசியில் வந்தார். ஒலிபெருக்கியில் போட்டிருந்ததால் நானும் கேட்டேன்.

"கலக்குனியா?"

"இல்லக்கா."

"ஒங் குரலே நொரைக்குதுடி. இனி அதத் தொடாத. ஆட்டுனா வண்டல் கெளம்பிக் கலங்கிப் போயிரும். தானா அடங்கட்டும், விடு."

டீச்சர் தம்மை நன்கு அறிந்தவர். மீந்த தேறலை ஜாடியில் இட்டுத் துணி கட்டி, எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தார். "உள் ரூம்புல வச்சுப் பூட்டுங்க தமிழய்யா. நானே கேட்டாலும் சாவியக் குடுத்துராதீங்க." சாவியை என் மனைவி இடுப்பில் செருகிக்கொண்டார்.

மறுநாளே வந்தார். "சும்மா பாத்துட்டு வந்துர்றேன். சாவியக் குடுங்க."

"நீங்களே குடுக்க வேண்டாம்னு சொன்னீங்க."

"அது நேத்துச் சொன்னது."

"நேத்துச் சொன்னத நம்பித்தான் பூட்டியிருக்கு" என்றார் என் மனைவி.

தினமும் வந்தார். உப்புக் கேட்டு வந்தார். செய்தித்தாள் கேட்டு வந்தார். பூட்டிய கதவின்மேல் காதைவைத்துக் கேட்டார். அந்த நாள்களில் எங்கள் வீட்டில் ஒரு திருவிழாக் களை இருந்தது. புட்டிகளில் நிரப்பும் நாளில், "கட்டைவிரல் சோதனை செய்து பார்க்கலாமே" என்றேன். "வேணாம். சத்தம் கேட்டுட்டா என் கை சும்மா இருக்காது" என்று மூடிகளை அடைத்துவிட்டார். ஆகவே என்ன நேரும் என்பது ஒருவருக்கும் தெரியாமலேயே நாங்கள் புதுக்கோட்டைக்குப் போனோம்.

மண்டபத்தில் கேக் வெட்டினார்கள். சம்பந்திவீட்டார் வரிசையாய் அமர்ந்திருந்தார்கள். கட்டு அவிழ்ந்த கையால் அக்கா புட்டியை எடுத்துத் திறக்கத் தொடங்கி, நிறுத்தினார். பேண்டு வாத்தியம் முழங்கிக்கொண்டிருந்தது. "இந்தச் சத்தத்துல எனக்கு என்ன கேக்கும்? நிப்பாட்டச் சொல்லுங்க" என்றார்.

வேறொருவராயிருந்தால் அந்த இரைச்சலைத் தம் நற்பேறு என்று விட்டிருப்பார். டீச்சர் கழுத்திலிருந்த ஊதலை எடுத்து, பட்டுச்சேலையோடு மேடையோரம் நின்று, ஒரு நீண்ட ஊது ஊதினார். வாத்தியம் அறுந்தது. மண்டபமே திரும்பிப் பார்த்தது.

அந்த அமைதியில் அக்கா மூடியைத் திருகினார். ஒலி இல்லை. குவளையில் ஊற்றினார், நுரை இல்லை. விளக்குக்கு நேரே தூக்கினார். அடியில் பிடித்திருந்த அவர் விரல்கள் ஊதா நிறத்தினூடே தெரிந்தன. குவளையைக் காதருகே கொண்டுபோனார். பிறகு பருகத் தொடங்கினார், தம் வழக்கப்படி, வாக்கியம் பேசுவதுபோல் நிறுத்தி நிறுத்தி. டீச்சர் அசையாமல் நின்றார். நிழற்படக்காரர் அப்போது எடுத்த படம் என்னிடம் இருக்கிறது. கலங்கல் இல்லாத முகத்தோடு அவர் இருக்கும் படம், நான் அறிந்தவரை, அது ஒன்றே.

அக்கா குவளையைக் காலிசெய்து, தங்கையை நோக்கி நீட்டினார்.

"சரி, அடுத்தது?" என்றார்.

ஜாடியை அன்று மாலையே கொடுத்துவிட்டார். அதை மடியில் வைத்துக்கொண்டு எங்களோடு பேருந்தில் திரும்பிய டீச்சர், பள்ளம் பார்த்து மெதுவாக ஓட்டச் சொல்லி வழியெல்லாம் நடத்துநரை நச்சரித்தார். பின்னர் அவருக்கு மாநிலத்தின் மறுகோடிக்கு மாற்றல் வந்தது. தொலைபேசியில் அழைப்பார், நான் விடைபெற்று முடிக்குமுன் துண்டித்துவிடுவார். அக்கா வீட்டுக் குடிலில் ஊதா ஆட்டுக்குட்டி இப்போது முன்வரிசையில் நிற்கிறது. இதனை இருவர் உறுதிசெய்தனர்.

எனக்குத் தெரியாதவற்றையும் சொல்லி முடிக்கிறேன். அந்தத் தேறலின் சுவை எனக்குத் தெரியாது, நான் பருகவில்லை. எஞ்சியிருந்த வாயுவை விரட்டியது எது என்பதும் தெரியாது. அறையைப் பூட்டிய அன்று, ஜாடியில் துணி கட்டிய கயிற்றின் முடிச்சு சுவர்ப்பக்கம் இருந்ததைப் பார்த்தேன்; புட்டிகளில் நிரப்பக் கதவைத் திறந்த அன்று அது வாயிற்பக்கம் இருந்தது. என் மனைவியைக் கேட்டேன்; அவர் சிரித்தார். டீச்சரைக் கேட்டேன், அழைப்பைத் துண்டித்துவிட்டார். ஆகவே அவர் வாழ்வில் ஒருமுறையேனும் காத்திருந்தாரா என்பது இன்றுவரை உறுதியாகவில்லை.